தெல்மா டீச்சரின் பேசாத வகுப்பு

பாலைவனத்து நடுவே இருக்கும் எங்கள் ஊர் ஜிலாங்குவின் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றியவள் நான். மை என் நகக்கண்ணில் குடியேறிவிட்டது, எந்த சோப்புக்கும் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெல்மாவைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று நகரத்திலிருந்து யாராவது கேட்பார்கள். எதற்கும் அத்தாட்சி கேட்பவர்கள் அவர்கள். தெல்மா நுங்கராய் என் சின்ன அண்ணன் மனைவி. நான் வின்னி நங்காலா. அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் தாளில் ஏற்றியவள் நான்தான். அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், அதனால்தான் அவள் பெயரை இப்படித் தாராளமாகச் சொல்கிறேன்.

அவள் சிறுமியாக இருந்தபோது இதே பள்ளியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் சரி, படித்தாள் என்று சொல்ல முடியாது. வாத்தியார் ஆங்கிலத்தில் பேசுவது தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்குமாம். சத்தம் பெரிதாக இருக்கும், ஒன்றும் புரியாது. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதைப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஐந்து வருஷம் கழித்து அதே பள்ளியின் சமையலறையில் பாத்திரம் தேய்க்கப் போனாள். எழுத்து மட்டும் பாதிரியாரிடம் பழகியிருந்தாள். அவர் வேதப்புத்தகத்தை, இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் வார்ல்பிரி பேச்சில் எழுதிக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. பிள்ளைகளுக்கு முதலில் அவர்கள் பேச்சிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம், ஆங்கிலம் அப்புறம் வரலாம் என்று அரசாங்கத்திலிருந்து தாள் வந்தது. எங்கள் பேச்சை எழுதத் தெரிந்த ஒரே பெண் சமையலறையில் இருக்கிறாள் என்று ஹெட்மாஸ்டர் கோலினுக்கு யாரோ சொன்னார்கள். தெல்மா சோப்பு நுரைக் கையோடு ஆபீசுக்குப் போனாள். திரும்பி வரும்போது டீச்சர். சர்டிபிகேட் வாங்க மூன்று வருஷம் வடக்கே போய்ப் போய்ப் படித்தாள், அது தனிக் கதை.

தாளோடு கால அட்டவணையும் வந்திருந்தது. வயது வாரியாக வரிசை, வரிசைக்கு ஒரு டீச்சர். தெல்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்களில் மாமியார் முறை உள்ளவள் மருமகன் முறை உள்ளவன் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. அவனுக்கு ஆறு வயதாக இருந்தாலும் முறை முறைதான். நகரத்து அட்டவணைப்படி போனால் பாதிப் பையன்கள் மாமியார் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்று வாரம் அவள் பள்ளிக்கு வெளியே மணலில் உட்கார்ந்தாள். ஊரில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டாள். போகிற வருகிற அம்மாக்களும் அத்தைகளும் நின்று, "ஏய், அவனை அங்க வெக்காத, அவ இவனுக்கு மாமியா முறை" என்று காலால் அழித்துத் திருத்தினார்கள். சண்டை வந்தது, டீ வந்தது, மறுபடி சண்டை வந்தது. கடைசியில் நான்கு தழைப் பந்தல் போட்டோம். ஒவ்வொரு பந்தலிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா முறை, அத்தை முறை, அக்கா முறை உள்ளவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். முதல் இரண்டு வருஷம் எங்கள் பேச்சு மட்டும். மூன்றாம் வருஷம் ஆங்கிலம் நுழையும்.

கோலின் தலையைச் சொறிந்தார். "இது பள்ளிக்கூடமா கல்யாண வீடா தெல்மா? யார் யாருக்கு என்ன வேணும்னு இவ்ளோ பாக்கணுமா?"

"பாக்கலைன்னா பையன் வாயைத் தொறக்க மாட்டான் சார். வெக்கத்துல குனிஞ்சே கெடப்பான். நீங்க மக்குன்னு எழுதி மேல அனுப்புவீங்க."

கோலின் நல்ல மனிதர். அவரை நான் பின்னால் திட்டப் போகிறேன், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். பந்தல் போடக் கம்பு வெட்ட லாரி கொடுத்தது அவர்தான்.

பிள்ளைகள் வந்தார்கள். காலையில் போய் வீடு வீடாகத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. அம்மாக்காரிகள் கைக்குழந்தையோடு வந்து பந்தலில் உட்கார்ந்து, பிள்ளைக்குத் தெரியாததைத் தாங்களே முந்திக்கொண்டு சொல்லித் தெல்மாவிடம் திட்டு வாங்குவார்கள்.

அடுத்ததாகப் புத்தகம் வேண்டும். நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் பெண், எல்லாப் புத்தகத்திலும் ஒரே பிள்ளை வந்தால் படிக்கிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாள். தெல்மாவின் அக்கா ரூபிக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். ஊரில் அவனைப்போல் ஒரு வால் கிடையாது. அவனையே எடுத்துக்கொண்டோம். போட்டோ பிடித்து, தெல்மா கதை எழுத, நான் மெஷினைச் சுற்றி, பன்னிரண்டு புத்தகம் போட்டோம். ஒன்றில் அவன் கழுதைமேல் தூங்கிப்போய் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஒன்றில் நர்சம்மாவின் பைக்குள் உடும்பை விட்டுவிடுவான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் பெயரை வைத்துத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் பழகினார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்களில் போனவர் பெயர் அவரோடு போய்விடும். படமும் போகும், குரலும் போகும். குடும்பம் சரி என்று சொல்லும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் வயதானவர்கள் யாரையும் போட்டோ பிடிக்கவில்லை. அவர்கள் போனால் புத்தகமும் போகுமே என்று சின்னப் பையனாகப் பார்த்து எடுத்தோம். பெரிய புத்திசாலிகள் என்று எங்களுக்கு நினைப்பு. பன்னிரண்டிலும் ஒருவனையே வைத்தோமே, அங்கேதான் புத்தி கெட்டுப்போனோம். வெள்ளைக்காரன் யாராவது இதைச் செய்திருந்தால் ஆயுசுக்கும் திட்டித் தீர்த்திருக்கலாம். செய்தது நாங்கள்.

அவன் வளர்ந்தான். உயரமாக, ஒல்லியாக, கால்பந்தில் யாராலும் பிடிக்க முடியாதவனாக ஆனான். கல்யாணமும் ஆயிற்று. பள்ளிப் பக்கம் வந்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், "கழுதை எங்க? கழுதை எங்க?" என்று அவனைக் கேலி செய்வார்கள். அவனும் தூங்குகிற மாதிரி நடித்துக் காட்டுவான்.

அவனுக்கு இருபத்தோரு வயது நடக்கும்போது நகரத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மதிப்பீட்டுக் குழு ஒன்று வரும். பிள்ளைகள் தாய்ப் பேச்சில் படிக்கிறார்களா என்று பார்க்கும். பயிற்சி பெற்ற டீச்சர் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து முதல் வகுப்பிலேயே ஆங்கிலம், வேறு எதுவும் கிடையாது. கோலின் முகம் வெளுத்துவிட்டது. தெல்மாவுக்கோ சந்தோஷம்.

"வரட்டும் நங்காலா. நம்ம புள்ளைங்க படிக்கறதை அவங்க காதால கேக்கட்டும். கேட்டுட்டு மூடுவாங்களா?"

ஒன்பது நாள் கழித்து, கால்பந்துப் போட்டி முடிந்து திரும்பும்போது, டொயோட்டா மண் ரோட்டில் உருண்டது. ஆறு பேரில் ஐந்து பேர் நடந்து வந்தார்கள்.

அழுகையைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவனுக்கு நான் அத்தை. என் பெரிய அண்ணன் மகன் அவன். எங்கள் தெருவே காலியாகி, எல்லோரும் ஊருக்குக் கிழக்கே போய்த் துக்கக் குடில் போட்டோம். பெண்கள் உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிக்கொண்டார்கள். அவன் மனைவி பேச்சை நிறுத்தினாள். அம்மா ரூபி நிறுத்தினாள். தெல்மாவும் நிறுத்தினாள். அம்மாவின் தங்கை என்று எங்களில் தனியாக ஒருத்தி இல்லை, அவளும் அம்மாதான். அப்பா பக்கத்தார் இறைச்சி கொண்டுவந்து உதட்டில் தொட்டு வாயைத் திறந்துவிடும்வரை இந்தப் பெண்கள் வாயால் ஒரு சொல் பேசக்கூடாது. கையால்தான் பேச வேண்டும். அதற்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

பள்ளியில் மிச்சம் இருந்த வேலை என் தலையில் விழுந்தது. வகுப்பு வகுப்பாகப் போய்ப் புத்தகங்களைப் பொறுக்கினேன். சுவரில் இருந்த படங்களைக் கிழிக்காமல் கழற்றினேன். வீடுகளில் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஒரு கைக்குழந்தை வாயில் சப்பிக்கொண்டிருந்ததையும் பிடுங்கினேன், அது வீறிட்டது. மொத்தத்தையும் இரண்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பத்து வருஷத்துக்கு மேலாக நானே அச்சடித்ததை நானே புதைக்கிற மாதிரி இருந்தது.

கோலின் வந்து நின்றார். "வின்னி, குழு வர இன்னும் அஞ்சு வாரம்தான். முகத்து மேலயும் பேர் மேலயும் கருப்புத் தாள் ஒட்டிடலாமே?"

ஒட்டிப் பார்த்தோம். நாலு நாள் உட்கார்ந்து நானே ஒட்டினேன். முதல் பந்தலில் ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தபோது அவள் கருப்புத் தாளைப் பார்த்தாள், விரலால் தடவினாள், அடியில் யார் என்று அவளுக்குத் தெரியாதா? அழ ஆரம்பித்தாள். அந்தப் பந்தல் முழுக்க அழுதது. எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் போட்டேன். புதுப் புத்தகம் எழுதலாம் என்றால் எழுதுகிறவள் வெள்ளை மண் பூசிக்கொண்டு கிழக்கே உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பெரிய அண்ணனிடம் போனேன். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன்.

"அண்ணே, சின்ன அண்ணி வாயை மட்டும் தொறந்து விட்டுடேன். ஒரே நாளைக்கு. பள்ளிக்கூடம் கையை விட்டுப் போயிடும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எம் மவன் செத்து இன்னும் ஒரு மாசம் ஆவல."

"தெரியும்ணே."

"அவன் புத்தகத்தை வெச்சுத்தானே படிச்சாங்க எல்லாரும்." கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுச் சொன்னார், "சரி. அவளே கேட்டா தொறந்து விடறேன். அவ கேக்கணும். நீ கேட்டு ஆவாது."

ஓடினேன். தெல்மா குடில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். மடியிலிருந்து அவள் கை எழுந்தது. உள்ளே படுத்திருந்த ரூபியைக் காட்டினாள். அக்கா பேசாமல் இருக்கும்போது நான் பேசுவதா என்றாள்.

"ரூபி அண்ணி வேண்டாம்னா சொல்லப்போறாங்க? அவங்களே சரிம்பாங்க. போய்க் கேளேன்!"

கேட்க மாட்டேன் என்றாள் கையால். கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்வாள், அதனாலேயே கேட்க மாட்டேன் என்றாள். பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள் என்றாள்.

"உம் பிடிவாதத்துக்கு அத்தனை புள்ளைங்களும் பலியா? நீ தகரக் கூரைல மழை கேட்டியே, அதையே அதுங்களும் கேக்கணுமா?"

அவள் அழுதாள். முகத்தில் பூசிய வெள்ளை மண்ணில் கோடு விழுந்தது. எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக இருந்தது.

குழு ஒரு குட்டி விமானத்தில் வந்தது. மூன்று பேர். தலைவி கார்வர் என்ற அம்மாள், நரைத்த தலை, பொறுமையான முகம். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெல்மா கிழக்கேயிருந்து நடந்து வந்தாள். முழங்கைவரை வெள்ளை மண். பந்தலில் முப்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

அன்று அவள் எடுத்த வகுப்பைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. கையால் கேட்டாள், பிள்ளைகள் வாயால் பதில் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கைப்பேச்சு அம்மா மடியிலேயே வந்துவிடும். மணலைத் தட்டிச் சமப்படுத்தி விரலால் ஒரு வரி எழுதினாள். இன்றைக்குக் காலையில் ஒரு விமானம் வந்தது, நாய்களெல்லாம் பயந்து ஓடின. அதற்கு முன் யாரும் எங்கும் எழுதாத வரி. பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள், நாய் என்ற இடத்தில் சிரித்தார்கள். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. ஒரு பையன் எழுந்து வந்து அவள் எழுதியதற்குக் கீழே தானே ஒரு வரி எழுதினான்.

கார்வர் அம்மாள் என்னிடம் குனிந்தாள். "டீச்சருக்குப் பேச வராதா?"

"வரும். துக்கத்துல இருக்காங்க. பேசக்கூடாது."

"அப்படியா. மன்னிச்சுக்குங்க." ஏதோ எழுதினாள். "பிள்ளைங்க நிஜமா படிக்கிறாங்களா, மனப்பாடமா சொல்றாங்களான்னு எனக்கு உங்க பாஷை தெரியாம எப்படித் தெரியும்? எங்க கிட்ட உங்க புத்தகங்களோட மொழிபெயர்ப்பு இருக்கு. அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா வரி வரியா ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

"புத்தகம் பூட்டியிருக்கு மேடம்."

"திறக்கலாமே?"

என்ன சொல்வது? யார் படம் அதில் இருக்கிறது என்று தெல்மாவும் பிள்ளைகளும் கேட்க நான் எப்படிச் சொல்வேன்? அதற்குள் கோலின் ஓட்டமாகப் போய்விட்டார். பெட்டிக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. பள்ளியைக் காப்பாற்றத்தான் போனார், சத்தியமாக. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, முதல் வரிசையில் இருந்த கேத்லீன் கையில் முதல் புத்தகத்தை வைத்துவிட்டார். ஏழு வயதுப் பெண், வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள்.

"படிம்மா. ஒரே ஒரு பக்கம். சத்தமா படி."

அட்டையில் எட்டு வயது அவன், முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறான். கேத்லீன் புத்தகத்தைத் திருப்பி முகம் தெரியாமல் மணலில் கவிழ்த்து வைத்தாள். தெல்மாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கையால் மாட்டேன் என்று காட்டினாள்.

கார்வர் அம்மாள் அதை எடுத்து அடுத்த பையனிடம் கொடுத்தாள். அவனும் கவிழ்த்தான். அடுத்தவளும் கவிழ்த்தாள். ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தாள். ஐந்து பேரும் அதைத்தான் செய்தார்கள்.

"படிக்கத் தெரியும் மேடம்! படிக்கக் கூடாது!" என்று நான் கத்திவிட்டேன். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்களும் உங்க செத்துப்போனவங்க போட்டோவை வெச்சுக்கிட்டு விளையாடுவீங்களா?"

"எனக்குப் புரியுதும்மா," என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா பாத்ததைத்தானே நான் எழுத முடியும்? வேற தேதி தர எனக்கு அதிகாரம் இல்ல."

நான் தெல்மாவைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்து அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அவர்கள் படித்துவிடுவார்கள், அவள் சொல்லைத் தட்டினதே இல்லை. கையால்கூடச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவள் குனிந்து, புத்தகத்தை எடுத்துச் சேலைபோல் சுற்றியிருந்த துணிக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு கேத்லீன் தலையில் கை வைத்தாள்.

வகுப்பறையில் நூல்கள் இல்லை, ஆசிரியை வாய்மொழியாகக் கற்பிக்கவில்லை, சோதித்த ஐந்து மாணவரும் தாய்மொழிப் பாடத்தை வாசிக்கவில்லை. அறிக்கையை நான்தான் பிரதி எடுத்தேன். அதில் பொய் என்று சொல்ல ஒரு வரி இல்லை. அடுத்த வருஷம் தழைப் பந்தல்களைப் பிரித்தார்கள். பிள்ளைகள் வயது வாரியாக வரிசையில் உட்கார்ந்தார்கள், மாமியார் முறைக்கு எதிரேயும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது மாதத்திலேயே பாதி வகுப்பு காலி. கோலின் மாற்றல் வாங்கிக்கொண்டு போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார், நான் கதவைத் திறக்கவில்லை.

அவன் போய்ப் பதினோரு மாதம் கழித்துப் பெரிய அண்ணன் கங்காரு இறைச்சி கொண்டுவந்து, ரூபி உதட்டிலும் தெல்மா உதட்டிலும் தொட்டு வாயைத் திறந்துவிட்டார். தெல்மாவின் குரல் துருப்பிடித்துப்போய் வந்தது. "நங்காலா, டீ இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். சர்க்கரை நாலு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். உதவியாளர் என்று பதவி. தெற்கேயிருந்து வந்த புது டீச்சர், இருபத்து நாலு வயதுப் பெண், ஆங்கிலத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வருகைப் பதிவுத் தாள் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். பிள்ளைகள் தெல்மாவைப் பார்த்ததும் துள்ளினார்கள். டீச்சர் வந்தாச்சு, டீச்சர் வாய் தொறந்தாச்சு என்று எங்கள் பேச்சில் ஒரே கூச்சல். கேத்லீன் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

புது டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள். "தெல்மா, நல்ல வேளை வந்தீங்க. நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க. உங்க பாஷைல கொஞ்சம் சொல்லுங்களேன், பேசாம இருக்கச் சொல்லி."

தெல்மா பிள்ளைகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பேசாதீங்க கண்ணுங்களா, பேசாதீங்க என்று எங்கள் பேச்சில் சொன்னாள். அந்த வகுப்பில் எங்கள் பேச்சுக்கு இப்போது அந்த ஒரு வேலைதான் இருக்கிறது.